எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், வலி மட்டும் போகவில்லை!

வாசகர் கேள்வி – பதில்

கை, கால், மூட்டு எக்ஸ்ரே பற்றிய கேள்விகளை டெல்டா மாவட்ட வாசகர்களிடம் கேட்டிருந்தோம். நடவுக் காலம் என்பதாலோ என்னவோ, வழுக்கி விழுந்தவர்களின் கடிதங்களே முந்திக்கொண்டு வந்தன. எலும்பு மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் எக்ஸ்ரே டெக்னீஷியனும் உட்கார்ந்து பேசி எழுதிய பதில்கள் இவை. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஒரத்தநாடு வாசகர்: வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். வீக்கமும் பெரிதாக இல்லை. ஒன்பது நாள் ஆகிறது. மண்வெட்டியைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கம் சுரீரென்கிறது. சுளுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். யாரிடமும் கையைக் கொடுத்து இழுக்க விடாதீர்கள்.

கட்டைவிரலை விறைப்பாக நீட்டிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சின்னப் பள்ளம் ஒன்று விழும். பொடி போடுகிறவர்கள் பொடியைக் கொட்டி உறிஞ்சுகிற இடம். மருத்துவப் புத்தகத்திலும் அதற்குப் பொடிக்குழி என்றுதான் பெயர். அந்தப் பள்ளத்தில் விரல்நுனியை வைத்து அழுத்துங்கள். நல்ல கையிலும் அதே இடத்தில் அதே அளவு அழுத்துங்கள். அடிபட்ட கையில் மட்டும் உயிர் போகிற மாதிரி வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு விரிசல் விட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

மணிக்கட்டில் இருக்கிற எட்டுச் சின்ன எலும்புகளில் இது ஒன்று. முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்திருக்கும், சாய்ந்தும் உட்கார்ந்திருக்கும். நேராக எடுத்த படத்தில் அது குறுகித் தெரியும். நடுவில் விட்டிருக்கும் மெல்லிய கோடு அந்த நிழலுக்குள் மறைந்துவிடும். போதாததற்கு, விழுந்த அன்று முறிவின் இரு முனைகளும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து முறிவில் ஒன்றிரண்டு முதல்நாள் படத்தில் தெரியாமல் போகும். எடுத்தவர் மேலும் படித்தவர் மேலும் குற்றமில்லை.

10 முதல் 14 நாளில், முறிந்த ஓரத்து எலும்பை உடல் கொஞ்சம் கரைத்துவிடும். இடைவெளி அகலும், கோடு தெரியும். ஆகவே இன்னும் ஓரிரு நாளில் மறுபடி எடுங்கள். 'மணிக்கட்டு எக்ஸ்ரே' என்று மொட்டையாகக் கேட்டால் நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். சீட்டில் 'ஸ்கேஃபாய்டு வியூ' என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். உள்ளங்கையைத் தட்டில் கவிழ்த்து, கையைச் சுண்டுவிரல் பக்கமாக ஒடித்து வைத்து, எக்ஸ்ரே குழாயை முழங்கைப் பக்கம் 20, 30 டிகிரி சாய்த்து எடுப்பார்கள். அப்போதுதான் குறுகிக் கிடக்கிற எலும்பு நீண்டு முழுசாகத் தெரியும். நேர், பக்கவாட்டு, சாய்வு, இது என்று நான்கு படமாக எடுப்பது வழக்கம். இரண்டாவது தடவையும் தெளிவில்லாமல், வலியும் குறையாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. அதில் அடிபட்ட மறுநாளே தெரிந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் உடைந்தால் கடைமடை காயும். நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போகாது. முறிவு ஒன்றுசேராது, நாளடைவில் அந்தத் துண்டு செத்து, மணிக்கட்டே தேய்ந்துவிடும். மறுபடி எடுக்கும்வரை கட்டைவிரலையும் சேர்த்து அரை மாவுக்கட்டில் கையை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. 'அசைக்க முடிகிறதே, முறிந்திருந்தால் அசையுமா?' என்ற ஊர்ப்பேச்சை இந்த எலும்பு விஷயத்தில் நம்பவே கூடாது.

வேதாரண்யம் வாசகி: என் கணவருக்குக் குதிகாலில் சீமைக் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்தது. எக்ஸ்ரேயில் முள் எதுவும் இல்லை என்றார்கள். மூன்று வாரமாக ஆறுவதும் சீழ் வைப்பதுமாக இருக்கிறது.

எக்ஸ்ரேயில் முள் தெரியாது. தெரியாததால் இல்லை என்று ஆகாது.

எலும்பு வெள்ளையாகத் தெரிவது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கதிரைத் தடுப்பதால். ஆணி, ஊசி, கல், கண்ணாடி ஆகியவையும் தடுக்கும். மரச்சிராய், மூங்கில், கருவேல முள், பனங்கருக்கு, பிளாஸ்டிக் ஆகியவை சதையைப் போலவே கதிரை விட்டுவிடும். காய்ந்த முள்ளில் காற்று இருப்பதால் முதல்நாள் சிலசமயம் கறுப்புக் கீற்றாகத் தெரியும். ஓரிரு நாளில் சதைநீர் ஊறி அதுவும் மறைந்துவிடும்.

உங்கள் கணவருக்கு வேண்டியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்றுக்கு வைக்கிற வளைந்த கருவி உதவாது. தைராய்டு, ரத்தக்குழாய் பார்க்கப் பயன்படுத்தும் தட்டையான கருவி வேண்டும். முள் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும், அதன்கீழ் ஒரு நிழலாகவும், சுற்றிலும் சீழ் கறுப்பு வளையமாகவும் தெரியும். எவ்வளவு நீளம், தோலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அளந்து, தோல்மேல் பேனாவால் குறித்துக் கொடுத்தால் எடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. வீட்டில் ஊக்கை நெருப்பில் காட்டிக் குடைவது முள்ளை இன்னும் உள்ளே தள்ளும். டி.டி. ஊசி போடவில்லையென்றால் இன்றே போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்காக எக்ஸ்ரே வீண் என்றில்லை. மூன்று வாரம் சீழ் பிடித்தபின் குதிகால் எலும்புக்குள் சீழ் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அதுவும் தேவை. கண்ணாடிச் சில் குத்தினால் முதலில் எக்ஸ்ரேதான். ஈயம் கலந்த கண்ணாடி மட்டுமே தெரியும் என்பது தவறு; 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எந்தக் கண்ணாடியும் அநேகமாகத் தெரியும். காயத்தின் வாயில் சின்ன உலோகக் கம்பி ஒன்றை ஒட்டிவைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம் எடுத்தால் ஆழமும் திசையும் கிடைத்துவிடும்.

கோடியக்கரைப் பக்கத்துக்காரர் என்பதால் இன்னொன்று. கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினால் அது எலும்பு போலக் கெட்டியான வகை. ஒடிந்த துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். அதன் விஷவலிக்கு, பொறுக்கிற சூட்டில் (40–45 டிகிரி) வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருப்பது நல்ல கைவைத்தியம். சூட்டை நல்ல காலால் சோதித்துவிட்டு வையுங்கள். வலியில் மரத்த கால் வெந்துபோவது தெரியாது.

வெறுங்காலில் வயலில் நடப்பவருக்கு, பாதம் மாதக்கணக்கில் வலியில்லாமல் வீங்கி, பல கண் வைத்துக் குருணை குருணையாகக் கசிந்தால் அது முள் அல்ல. 1842ல் மதுரையில் கில் என்ற மருத்துவர் பதிவு செய்த 'மதுரைக் கால்' நோயாக இருக்கலாம். அப்போது பாதத்து எலும்பில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே காட்டும்.

வலங்கைமான் வாசகி: ஆறு வயது மகன் மாமரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. அடிபட்ட கையோடு நல்ல கையையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். குழந்தைக்கு எதற்கு வீணாகக் கதிர் பாய்ச்ச வேண்டும்? எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார் மாமியார்.

உங்கள் மகனின் முழங்கையில் பாதி இன்னும் எலும்பாகவே ஆகவில்லை. குருத்தாக இருக்கும் பகுதி எக்ஸ்ரேயில் தெரியாது. அங்கங்கே புள்ளி வைத்தாற்போல ஆறு இடங்களில் எலும்பு முளைத்து, பிறகு ஒன்றுசேரும். முளைக்கும் வயது ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11. முன்பின் ஓரிரு வருடம் மாறலாம், வரிசை மாறுவது அபூர்வம். ஆறு வயதில் மூன்று புள்ளிகள் இருக்க வேண்டும். மூன்றாவது, முழங்கையின் உள்பக்க மேட்டில் வருவது. நான்காவது, மூட்டுக்கு நடுவில் வருவது. மூன்றாவது இடம் காலியாக இருந்து நான்காவது இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், மேட்டு எலும்பு பிய்ந்து மூட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். முளையா, முறிந்த துண்டா என்ற சந்தேகம் வரும்போதுதான் அதே பிள்ளையின் மறுகையோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் எடுப்பது தேவையில்லை; அந்த அளவில் உங்கள் கேள்வி நியாயமானதே.

கதிரின் அளவைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கை எக்ஸ்ரேயில் உடலுக்குச் சேர்வது சுமார் 0.001 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் சும்மா இருக்கும்போதே வருடத்துக்கு 2, 3 மில்லி சீவர்ட் வாங்கிக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டால் ஒரு கைப்படம் சில மணி நேரத்து இயற்கைக் கதிருக்குச் சமம். இடுப்பு, முதுகுப் படங்களுக்கு இது பல நூறு மடங்கு கூடும். அங்கே யோசிக்க வேண்டும், முழங்கைக்கு வேண்டாம்.

முழங்கைப் படத்தில் எலும்பை விடக் கொழுப்பு நிறையச் சொல்லும். பக்கவாட்டுப் படத்தில் மேற்கை எலும்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கொழுப்புத் திட்டு எழும்பித் தெரிந்தால், மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. முறிவுக் கோடு கண்ணில் படாவிட்டாலும் முறிவு என்றே எடுத்துக்கொண்டு கட்டுப் போடுவார்கள். அந்தத் திட்டை நம்ப வேண்டுமென்றால் முழங்கை 90 டிகிரி மடங்கி, தோளும் மணிக்கட்டும் அதே மட்டத்தில் தட்டின்மேல் படிந்திருக்க வேண்டும். பிள்ளை அழுகிறான் என்று தோளைத் தூக்கியபடி எடுத்தால் படம் திருகிக்கொள்ளும், திட்டு காணாமல் போகும். நேர்ப்படத்துக்காக வீங்கிய கையை நிமிர்த்தி இழுக்கவும் கூடாது. முறிந்த முனை ரத்தக்குழாயைக் கிழிக்கக்கூடும்.

இனி எண்ணெய் விஷயம். மாமியாரிடம் பதமாகச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். அடிபட்ட முழங்கையை உருவினால் தசைக்குள் கட்டிய ரத்தம் எலும்பாக மாறக்கூடும். மூன்று நான்கு வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் மூட்டுக்கு முன்னால் பஞ்சுப்பொதி போல வெள்ளையாகத் தெரியும். அதன்பின் கை மடங்காது, நீளாது. இறுக்கிக் கட்டுகிற கட்டு இன்னும் மோசம். விரலை நீட்டிவிட்டால் குழந்தை அலறினாலோ, விரல் வெளுத்துச் சில்லிட்டாலோ, மரத்தாலோ, கட்டு எங்கே போட்டதாக இருந்தாலும் உடனே பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் தசை செத்துவிடும்.

கும்பகோணம் வாசகர்: அம்மாவுக்கு 63 வயது. படுக்கவைத்து எடுத்த முழங்கால் எக்ஸ்ரே இருக்கும்போதே, இன்னொரு மருத்துவர் நிற்கவைத்து எடுத்து வரச் சொல்கிறார். இது பணம் பிடுங்கவா?

இல்லை, அவர் சொல்வதுதான் சரி. தேய்வது ஜவ்வு எனப்படும் குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவே தெரியும் கறுப்பு இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். படுத்திருக்கும்போது பாரம் இல்லாததால் இடைவெளி விரிந்து, நல்ல மூட்டு போலவே இருக்கும். நின்றால்தான் குட்டு வெளிப்படும். படுத்த படத்தில் 4 மில்லிமீட்டர் தெரிந்தது, நின்றதும் எலும்பும் எலும்பும் உரசுவதாகத் தெரிவது சாதாரணம். இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் படுத்து எடுத்ததும் அதுவும் ஒன்றே. படியேறும்போதும் சம்மணத்திலிருந்து எழும்போதும் வலி என்றால், மடக்கிய முழங்காலில் சில்லை மேலிருந்து பார்க்கும் 'ஸ்கைலைன்' படமும் கேட்பார்கள்.

அறிக்கையில் '3ம் நிலை', '4ம் நிலை' என்று இருப்பது 1957ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த கணக்கு. 0 என்றால் சுத்தம், 4 என்றால் இடைவெளி அநேகமாக இல்லை. 4ம் நிலை மூட்டோடு கோயில் பிராகாரம் சுற்றுகிறவர்களும் உண்டு, 2ம் நிலையில் எழுந்திருக்க முடியாதவர்களும் உண்டு. படத்துக்கு ஆபரேஷன் செய்வதில்லை, ஆளுக்குத்தான்.

திருவையாறு வாசகர்: படித்துறைப் பாசியில் வழுக்கிக் கணுக்கால் திருகிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992ல் வகுத்த ஒரு விதி இருக்கிறது. அடிபட்ட உடனேயும், இப்போதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் உருண்டு துருத்தும் எலும்புகளின் நுனியிலும், அங்கிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை பின் ஓரத்திலும் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பு? உள்வளைவின் மேட்டு எலும்பு? நடக்கவும் முடிந்து, இந்த இடங்களில் வலியும் இல்லையென்றால் எக்ஸ்ரே இல்லாமலே ஐஸ், ஓய்வு, கிரேப் பேண்டேஜ் போதும். ஒன்றாவது இடறினால் எடுத்துவிடுங்கள். கால் மரத்த சர்க்கரை நோயாளிக்கும், போதையில் விழுந்தவருக்கும், சின்னக் குழந்தைக்கும் இந்த விதி செல்லாது. அவர்கள் வலியைச் சரியாகச் சொல்லமாட்டார்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டதிலிருந்து அண்ணனுக்கு வலது கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள்.

நேராக எடுத்த ஒரே ஒரு படம்தானே? தோள் பின்பக்கமாகக் கழன்றிருக்கலாம். தோள் பெரும்பாலும் முன்பக்கம்தான் கழலும். ஷாக்கிலும் வலிப்பிலும் தசைகள் ஒரேயடியாகச் சுண்டி இழுப்பதால் பின்பக்கம் கழலும். முன்னிருந்து எடுத்த படத்தில் மேற்கை எலும்பின் பந்து, தோள்பட்டைக் கிண்ணத்துக்கு நேர் எதிரே இருப்பது போலவே தெரிந்து ஏமாற்றும். கூர்ந்து பார்த்தால் பந்தின் ஒருபக்கச் சரிவு மறைந்து, பழைய குண்டு பல்பு மாதிரி உருண்டையாக இருக்கும். அக்குள் வழியாக எடுக்கும் படமோ, தோள்பட்டை எலும்பை 'ஒய்' வடிவில் காட்டும் பக்கவாட்டுப் படமோ கேளுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் பிறகு கையால் ஏற்றி உட்காரவைக்க முடியாது, ஆபரேஷன்தான். இன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள்.

மன்னார்குடி வாசகர்: கீழ்க்கால் முறிந்து மாவுக்கட்டில் இரண்டு மாதம். மூன்று தடவை எக்ஸ்ரே ஆகிவிட்டது, கோடு இன்னும் அப்படியே தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். கை எலும்புக்கு 6 வாரம், கால் எலும்புக்கு 12 வாரம், குழந்தைக்கு அதில் பாதி என்பது தோராயமான கணக்கு. கீழ்க்கால் எலும்பு இன்னும் நாலைந்து வாரம் கூடவும் கேட்கும். முறிவைச் சுற்றி மேகம் போலப் புது எலும்பு கட்டுகிறதா என்றுதான் மருத்துவர் பார்க்கிறார். நேர், பக்கவாட்டு என இரண்டு படத்தையும் சேர்த்தால் எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் மூன்றில் பாலம் விழுந்தால் கூடிவிட்டது எனலாம். கோடு முழுதும் மறைய மாதக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரே எப்போதும் எலும்பை விடக் கொஞ்சம் பிந்தித்தான் செய்தி சொல்லும்.

முதல் வாரத்தில் எடுத்ததை மட்டும் வீண் என்று நினைக்காதீர்கள். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, உள்ளே எலும்பு நழுவும் நேரம் அதுதான். அப்போது பார்த்தால் திருப்பி உட்காரவைக்கலாம். ஆறாவது வாரத்தில் பார்த்தால் கோணலாகக் கூடியதைத்தான் பார்க்கலாம். மாவுக்கட்டோடு எடுக்கும் படம் சற்று மங்கலாகத்தான் இருக்கும், ஈரக் கட்டென்றால் இன்னும் மங்கல். மாவு முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் ஆகும், ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம்.

மயிலாடுதுறை வாசகி: அப்பாவுக்குச் சர்க்கரை. கால் விரல் புண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு வாரத்தில் விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் தப்பாகப் பார்த்துவிட்டார்களா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. சீழ் எலும்புக்குள் போன அன்றே எக்ஸ்ரே மாறாது. அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு 10, 14 நாள் பிடிக்கும். அதனால்தான் ஆறாத புண்ணுக்கு முதல் படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்தில் அதே கோணத்தில் மறுபடி எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். சுத்தமான உலோகக் குச்சியைப் புண்ணில் விட்டு எலும்பு 'டக்' என்று தட்டுகிறதா என்று பார்ப்பது பழைய முறை என்றாலும் இன்றும் நல்ல முறை. விரலை எடுக்கும் முன் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பழைய பாதப் படத்தில் விரல்களுக்கு நடுவே தண்டவாளம் போல இரட்டை வெள்ளைக் கோடு ஓடினால் அது சுண்ணாம்பேறிய ரத்தக்குழாய்.

புண்ணே இல்லாமல், வலியும் அதிகமில்லாமல், ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கினால் சர்க்கரைக்காரர் அதையும் அலட்சியம் செய்யக்கூடாது. உணர்ச்சியற்ற காலில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம். பாரம் போடாமல் உடனே காட்டுங்கள்.

திருவாரூர், எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு மாணவர்: முழங்கால் பக்கவாட்டுப் படத்தில் இரண்டு காண்டைல்களும் (தொடை எலும்பின் கீழ்முனை உருளைகள்) ஒன்றன்மேல் ஒன்று விழவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

தவறு இரண்டு வகை. முதலில் எது என்று பிரியுங்கள். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் விலகியிருந்தால் கால் உருண்டிருக்கிறது. ஒன்று மேலும் ஒன்று கீழும் இருந்தால் குழாயின் சாய்வு சரியில்லை.

உள்பக்கக் காண்டைலை அதன் மேல் ஓரத்தில் உள்ள அடக்டர் முண்டை வைத்து அடையாளம் காணலாம். அது முன்னால் போயிருந்தால் நோயாளி மேசைப் பக்கம் அதிகம் கவிழ்ந்துவிட்டார், கொஞ்சம் மல்லாத்துங்கள். பின்னால் போயிருந்தால் கவிழ்த்துங்கள். உள்பக்கக் காண்டைல் கீழே இறங்கி நின்றால், குழாயைத் தலைப்பக்கம் 5 முதல் 7 டிகிரி சாய்க்க மறந்துவிட்டீர்கள். மடக்கு 20–30 டிகிரிக்குள் இருக்கட்டும்; அதற்குமேல் மடக்கினால் சில்லு இறுகி, மூட்டில் நீர் கோத்திருப்பது மறைந்துவிடும். சில்லு முறிந்திருக்கலாம் என்றால் 10 டிகிரிக்கு மேல் மடக்கவே கூடாது. 100 சென்டிமீட்டர் தூரம், 60–65 கே.வி. (கதிரின் ஊடுருவும் சக்தி), 5 எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) பக்கம் தொடங்கலாம், தடிமன் 10–12 சென்டிமீட்டருக்குள் என்றால் சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் வேண்டாம்.

விபத்தில் வந்தவரைப் புரட்டவே வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்தபடி கதிரைக் கிடைமட்டமாக விட்டு எடுங்கள். மூட்டுக்குள் முறிவிருந்தால் மஜ்ஜைக் கொழுப்பு கசிந்து ரத்தத்தின்மேல் மோரில் வெண்ணெய் போல மிதக்கும்; சில்லுக்கு மேலே நேர்க்கோடாகத் தெரியும். ஒருக்களித்து, கதிரை மேலிருந்து விட்டு எடுத்தால் அந்தக் கோடு கிடைக்காது.

இன்னொரு விஷயம், டிஜிட்டல் வந்தபின் வந்த கெட்ட பழக்கம். கதிரைக் கூடுதலாகக் கொடுத்தால் அந்தக்கால ஃபிலிம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கணினி சரிசெய்து அழகாகவே காட்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எம்.ஏ.எஸ்.சை ஏற்றிக்கொண்டே போவார்கள். எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்ட, திரையில் வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைத் தினமும் பாருங்கள். வலது, இடது ஈய எழுத்தைப் படம் எடுக்கும்போதே வையுங்கள். பிறகு கணினியில் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் பக்கம் மாறுகிறது.

பேராவூரணி வாசகி: மெட்டி, கொலுசைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பாதத்துக்கும் கணுக்காலுக்கும் ஆம், முழங்காலுக்குத் தேவையில்லை. 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எடுத்த படத்திலேயே மோதிரம் விரலெலும்பை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. கழலாத மெட்டிக்குச் சோப்புநீர் போடுங்கள். அடிபட்ட விரல் வீங்குகிறதென்றால் படம் இருக்கட்டும், முதலில் மெட்டியை வெட்டி எடுங்கள். கணுக்கால் கறுப்புக் கயிறு பரவாயில்லை, அதில் கோத்த தாயத்துதான் இடைஞ்சல். முறிவுக்குப் போட்ட பத்தையும் சுரண்டிக் கழுவிவிட்டு வாருங்கள். காய்ந்த பத்து படத்தில் திட்டுத் திட்டாக விழும்.

பாபநாசம் வாசகி: மருமகள் நான்கு மாதக் கர்ப்பம். விரல் முறிந்திருக்குமோ என்று சந்தேகம். எக்ஸ்ரே எடுக்கலாமா?

எடுக்கலாம். விரலிலிருந்து கருவுக்குச் சேரும் கதிர் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. கர்ப்பம் என்பதை டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இடுப்பு, தொடை மேல்பகுதி என்றால் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான். வேறு குழந்தைக்குப் படம் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள மட்டும் மருமகளை அனுப்பாதீர்கள், வேறு யாராவது ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிக்கட்டும்.

பட்டுக்கோட்டை வாசகர்: ஃபிலிமை ட்யூப்லைட்டில் காட்டிப் போட்டோ பிடித்து, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்குள்ள டாக்டர் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

அவருக்குத் தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். ட்யூப்லைட் நடுவில் பளபளத்து ஓரத்தில் இருளும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். மயிரிழை முறிவு முதலில் அதில்தான் காணாமல் போகும். படம் எடுத்த இடத்தில் 'டைகாம்' (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) கோப்பாகச் சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி, அதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதற்கு வழியில்லையென்றால், கணினித் திரையில் முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் ஃபிலிமை வைத்து, அறை விளக்கை அணைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் பிடித்து, படமாக அல்லாமல் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். வலது, இடது குறியும் தேதியும் படத்தில் விழட்டும். ஃபிலிமைக் கார் கண்ணாடியருகே வெயிலில் போடாதீர்கள். இப்போது வரும் உலர் ஃபிலிம்களில் பல சூடு பட்டால் மொத்தமும் கறுத்துவிடும்.